ஒரே டேக் ஆட்டக்காரர்

ஸ்கோர்போர்டில் 7,000 டாலர் என்று இருக்கிறது. ராபர்ட் ரோட்ரிகஸ் பெயரை எடுத்தாலே சினிமா ரசிகர்கள் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். 23 வயதில் அந்தக் காசில் 'எல் மரியாச்சி'யை எடுத்தார், ஹாலிவுட் கதவு திறந்தது என்று கதை முடிந்துவிடும். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டத்தையே பார்த்த மாதிரி பேசுபவர்களோடு எனக்கு எப்போதும் தகராறுதான்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு மாடிக்குப் பந்து போனால் அவுட். அதனாலேயே தரையோடு தரையாக அடிக்கப் பழகிய பையன்கள் உண்டு. அவர்களுடைய டிரைவைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் 'என்ன ஸ்டைல்!' என்பார்கள். ஸ்டைலாவது ஒன்றாவது, மாடி வீட்டு மாமி பந்தைத் திருப்பித் தரமாட்டார், அவ்வளவுதான். ரோட்ரிகஸின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

1991 கோடை. மெக்சிகோ எல்லையில் சியுதாத் அகுன்யா என்ற சிறு நகரம். நாயகனாக நடித்த நண்பர் கார்லோஸ் கயார்தோவின் சொந்த ஊர். கையில் இரவல் வாங்கிய 16 எம்.எம். கேமரா. ஓடவிட்டால் அதன் இரைச்சலில் வசனம் காதில் விழாது. காட்சியோடு சேர்த்து ஒலியைப் பதியவும் வழியில்லை. அதனால் முதலில் ஷாட், பிறகு கேமராவை நிறுத்திவிட்டு அதே வசனத்தை நடிகர்கள் டேப் ரெக்கார்டரில் திரும்பச் சொன்னார்கள். எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்தினால் சில நொடிகள் வாயும் குரலும் சேர்ந்து ஓடும், பிறகு விலகும். விலகும் இடத்தில் சட்டென்று வேறொரு முகத்துக்கோ, சும்மா நின்றிருந்த நாய்க்கோ தாவிவிடுவார். விமர்சகர்கள் பின்னால் கொண்டாடிய அந்த வேகமான வெட்டு, உதட்டசைவு பிசகியதால் வந்தது.

துப்பாக்கிச் சண்டையிலும் இதே ஃபுட்வொர்க்தான். இரவல் துப்பாக்கிகள் ஒரு வெற்றுத் தோட்டா வெடித்ததும் சிக்கிக்கொண்டன. ஆளுக்கொரு கோணத்தில் ஒவ்வொரு குண்டாக எடுத்து, மேலே இயந்திரத் துப்பாக்கிச் சத்தத்தைப் போட்டுவிட்டார். டிராலிக்கு வீல்சேர். பணம் கரைவது ஃபிலிம் சுருளில்தான் என்பதால் பெரும்பாலும் ஒரே டேக்.

அந்தப் பணத்தில் 3,000 டாலரை அவர் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தார். டெக்சாஸில் கொலஸ்ட்ரால் மருந்து ஒன்றின் பரிசோதனைக்கு ஒரு மாதம் ஆய்வுக்கூடத்தில் அடைந்து கிடந்து, அங்கேயே திரைக்கதையும் எழுதினார். கூடவே அடைந்து கிடந்த பீட்டர் மார்க்கார்ட்டை வில்லனாக்கிக்கொண்டார். ஸ்பானிஷ் படம், வில்லனுக்கு ஸ்பானிஷ் தெரியாது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் படம் அவருக்கு மேட்சே அல்ல, நெட் பிராக்டிஸ். ஸ்பானிஷ் வீடியோ கேசட் சந்தைக்கு விற்று, அதில் வரும் காசில் இன்னும் இரண்டு எடுத்துக் கை பழகுவதுதான் திட்டம். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் ஆடியவரை கொலம்பியா நிறுவனம் பார்த்துவிட்டது. 1993-ல் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருதும் வந்தது. 35 எம்.எம்.முக்கு மாற்றவும் ஒலியைச் சீர்செய்யவும் கொலம்பியா செலவழித்தது அந்த 7,000-ஐப் போலப் பல மடங்கு. இந்த உதிரி ரன்களை ஏனோ யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுத்து 1995-ல் 'டெஸ்பராடோ'. பட்ஜெட் சுமார் 70 லட்சம் டாலர், முதல் படத்தைப்போல ஆயிரம் மடங்கு. பார்க்கப் பிரமாதம். ஆனால் தேவைக்காகப் பிறந்த வெட்டு இதில் பழக்கமாகிவிட்டது என்பது என் கட்சி. எதிர்வீட்டு மாடி இல்லாத மைதானத்திலும் தரையோடு அடித்துக்கொண்டிருந்தார்.

தொழிலதிபராக அவர் எடுத்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது, லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோகாததுதான். ஆஸ்டின் நகரின் பழைய விமான நிலையக் கொட்டகைகளில் டிரபிள்மேக்கர் ஸ்டூடியோவை நிறுவினார். சொந்த மைதானம், சொந்தப் பிட்ச். 2001-ல் வந்த 'ஸ்பை கிட்ஸ்' மூன்றரைக் கோடி டாலரில் உருவாகி, உலகெங்கும் 14 கோடிக்கு மேல் வசூலித்தது. 'சின் சிட்டி'க்குச் சித்திரக்கதை ஆசிரியர் ஃபிராங்க் மில்லரை இணை இயக்குநராகப் போடக் கூடாது என்றது இயக்குநர்கள் சங்கம். சங்கத்தை விட்டே வெளியேறினார். சொந்த மைதானம் வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் திமிர் கட்டுப்படியாகும். எல்லா முதலீடும் பலிக்கவில்லை. 2013-ல் தொடங்கிய எல் ரே தொலைக்காட்சி 2020-ஓடு கேபிளிலிருந்து மறைந்தது.

பலவீனமும் அந்த மைதானத்தில்தான் இருக்கிறது. கேமரா, எடிட்டிங், இசை எல்லாம் அவரே. 'வேண்டாம்' என்று சொல்ல எதிர்முனையில் ஆள் இல்லை. கதைதான் அவருக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்து. 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் மெக்சிகோ'வில் யார் யாரை எதற்குச் சுடுகிறார்கள் என்று இரண்டு முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

2019-ல் ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பில் 'அலிடா' வந்தது, அவருடைய மிகப் பெரிய பட்ஜெட். அதே ஆண்டில் மகன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு இன்னொரு படத்தையும் காட்டினார். செலவு மறுபடி 7,000 டாலர். மருந்துப் பரிசோதனைக்கு ஆட்கள் அடைபட்டுக் கிடக்கும் கதை. பெயர் 'ரெட் 11'. அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கொடுத்திருந்த எண் அது.