பேக்கரின் வேட்டை நூலும் துப்பாக்கி ஏந்தியோரும்

நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூல், யானைக்கேற்ற துப்பாக்கி எதுவென்பதை நுணுகி ஆராய்கின்றது. அவர் கையாண்டவற்றுள் 4 அவுன்ஸ் குண்டெறியும் ஒற்றைக்குழல் துப்பாக்கியொன்று 21 இறாத்தல் எடையுடையது. இலகுவான குண்டு விலங்கைக் காயப்படுத்தி நெடுநேரம் வதைக்கும், வேட்டைக்காரனுக்கும் ஆபத்தாகும். ஆதலின் கனத்த குண்டே வேண்டுமென்னும் வாதம் ஏற்கத்தக்கதே.

ஆயினும், குழல்வாய் வழியே மருந்திடும் அக்காலத் துப்பாக்கியை யானையின் முன்னே மீண்டும் நிரப்புதல் அரிது. பின்னின்று அடுத்த துப்பாக்கியை நீட்டிய உள்ளூரவரின் துணிவின்றி அவ்வேட்டை இல்லை. கில்பக் முதலிய வேட்டைநாய்களின் குணங்களை விரித்துப் புகழும் நூல், அவர்களுக்கு அத்துணை இடம் தரவில்லை. நுவரெலியா மேட்டுநிலத்தில் இன்று யானைகளும் இல்லை. இந்நூலைக் கற்போர் இவ்விரு இழப்புகளையும் மறவாது கற்றல் வேண்டும்.