ஜார்ஜெட் சென்னின் பழக்கூடை

மாணவர்களைச் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறீர்களா? ஜார்ஜெட் சென் வரைந்த பழ ஓவியத்துக்கு முன்னால் நின்றதும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "ரம்புத்தான்தானே டீச்சர், இதைப் போய் ஏன் வரையணும்?" சிரித்துவிட்டு நகர வேண்டாம், அது நல்ல கேள்வி. இலக்கியத் தாளில் கவிதையை எடைபோடும்போதும் நம் மாணவர்கள் மனத்தில் இதுதான் ஓடுகிறது: இதில் சமுதாயக் கருத்து எங்கே?

கேள்வியை இன்னும் கூர்மையாக்கலாம். சுவா மியா டீயின் 'தேசிய மொழி வகுப்பு' 1959இல் வரைந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள் சிலர். காலனி ஆட்சி முடிகிற நேரம். ஒரு நாடே அந்த மேசையில் இருக்கிறது. சென்னின் 'இனிப்பு ரம்புத்தான்கள்' 1965ஆம் ஆண்டு ஓவியம். சிங்கப்பூர் தனி நாடான ஆண்டு. ஊரே கலங்கி நின்றபோது கூடையும் பழமுமா?

அவர் வாழ்க்கை தெரியாமல் பதில் சொன்னால் தப்பாகிவிடும். 1906இல் பிறந்தவர். நியூயார்க்கிலும் பாரிஸிலும் ஓவியம் படித்தார். கணவர் யூஜின் சென், சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ஆக, அரசியல் என்றால் என்னவென்று தெரியாத பெண் இல்லை. ஜப்பானியர் காலத்தில் ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் இருவரும் காவலில் இருந்தார்கள். 1944இல் கணவர் இறந்தார். ஏறத்தாழ 1946இல் அவர் தம்மையே வரைந்த படத்தைப் பாருங்கள். அழுகை கிடையாது, புகாரும் கிடையாது. நேராக நம்மைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பார்வைதான் பழக்கூடைக்கும் வந்தது என்பது என் வாதம். வண்ணத்தை அடுக்கியே பொருளுக்குக் கனம் கொடுப்பது செசான் வழி. சென்னும் அந்த வழியில் வந்தவர். ஆனால் ஆப்பிளில் கற்ற பாடம் ரம்புத்தானில் அப்படியே செல்லாது. ஆப்பிளுக்குத் தெளிவான ஓரம் உண்டு. ரம்புத்தானுக்கு ஓரம் எங்கே இருக்கிறது? முழுக்க முடி. (மலாயில் 'ரம்புட்' என்றாலே முடிதானே!) ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தால் படம் செத்துப்போகும், ஒரேயடியாக மெழுகிவிட்டால் வெறும் சிவப்பு உருண்டை. பாரிஸில் பழகிய கை இங்கே வந்து மறுபடி பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1951இல் பினாங்குக்கு வந்து பள்ளியில் கற்பித்தார். பிறகு சிங்கப்பூர்; 1954 முதல் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆசிரியர். மலாய் படித்தார். 'செண்டானா' என்று தமக்கொரு மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். நம்ம சந்தனம்தான் அது. சுவா மியா டீ மொழி வகுப்பை வரைந்தார். சென் அப்படியொரு வகுப்பின் மாணவி மாதிரி, மேசையில் இருந்த பொருள்களின் பெயர்களைத் தூரிகையால் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். அதனால்தான் இந்த அசையாப் பொருள் ஓவியங்களை நாட்டைவிட்டு ஒதுங்கிய வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சில மேசைகள் எனக்கு ரொம்ப ஒழுங்காகப் படுகின்றன, விருந்தாளி வருவதற்கு முன் அடுக்கி வைத்த வீடு மாதிரி. மூன்கேக் விழா மேசை ஓவியத்தில் பண்டிகை தெரிகிறது. பசியோடு கை நீட்டுகிற பிள்ளை தெரியவில்லை. 1982இல் கலாசாரப் பதக்கம் பெற்றார், 1993இல் மறைந்தார். அவரை இன்று பாராட்டுகிறவர்கள் 'அழகு' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு ரம்புத்தானை மேசையில் வையுங்கள். 'செக்கச் செவேல்', 'தேன்போல் இனிக்கும்' இரண்டுக்கும் தடை போட்டுவிட்டு ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். என் உயர்நிலை மூன்று மாணவர்கள் முதல் இரண்டு வாக்கியத்தில் பழத்தின் பயன்களைத்தான் எழுதினார்கள். மூன்றாவதில்தான் ஒருத்தி பழத்தைப் பார்த்தாள்: "பழம் பழுத்துவிட்டது, முடியின் நுனி மட்டும் இன்னும் பச்சை."