இருந்தும் இல்லாத வசதிகள்

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை உருவாக்கியவர்களுக்கு ஒரு விசித்திரமான தலைவலி இருந்தது. அடுத்த பதிப்பில் என்ன வேண்டும் என்று பயனர்களைக் கேட்டால், அவர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை மென்பொருளில் ஏற்கெனவே இருந்தன. யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

வேர்டின் முதல் பதிப்பில் சுமார் 100 கட்டளைகள். வேர்டு 2003-இல் 1,500-க்கும் மேல். பக்க எண் போட ‘இன்சர்ட்’ மெனுவுக்குப் போக வேண்டும். அதே பக்கத்தின் உச்சியில் ஹெடர் அமைக்க ‘வியூ’. ஓரத்தில் விடும் இடத்தை மாற்ற ‘ஃபைல்’. மூன்றும் ஒரே பக்கத்தைச் சீராக்கும் வேலைகள்தான். வைக்கப்பட்டதோ மூன்று திக்கில். இந்தச் சிக்கலுக்கு விடையாக 2007-இல் வந்ததுதான் ‘ரிப்பன்’: மெனுக்களுக்குப் பதிலாகத் திரையின் உச்சியில், டேப்களாகப் பிரித்த பொத்தான்களின் பட்டை.

அதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்து தோற்றிருந்தது. ஆஃபீஸ் 2000-இல், அடிக்கடி தொடாத கட்டளைகளை மெனு தானே மறைத்துக்கொண்டது. கணக்குப்படி நியாயமான ஏற்பாடு. ஆனால் நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லாத ஒன்றை யாரால் பழகிக்கொள்ள முடியும்? அரிதாகத் தேவைப்படும் வசதிக்குத்தான் நிலையான இடம் அதிகம் வேண்டும்.

ரிப்பன் குழுவும் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கியது. பயனர்களின் இசைவோடு திரட்டிய தரவில், பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்டு என்ற ஐந்து கட்டளைகளே வேர்டு 2003-இன் மொத்தப் பயன்பாட்டில் சுமார் 32 சதவீதம். பேஸ்ட் மட்டும் 11 சதவீதத்துக்கு மேல். விசைப்பலகையில் குறுக்குவழி இருந்தும், கருவிப்பட்டையில் அதிகம் கிளிக் செய்யப்பட்டதும் அதுவே. எனவேதான் ரிப்பனின் இடது முனையில் அந்தப் பெரிய பேஸ்ட் பொத்தான். அபாரமான முடிவு என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொத்தானைத்தான் பெரிதாக்கினார்கள். உண்மையான சாதனை, கட்டளைகளை, அவை செய்யும் வேலையின்படி மறுபடி தொகுத்தது. ஹெடரும் பக்க எண்ணும் அருகருகே வந்தன. படத்தைத் தொட்டால் படத்துக்கான கருவிகள் மேலே வந்து நின்றன. தொடாதவரை அப்படியொரு டேப் இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

சறுக்கியது ‘ஆஃபீஸ் பட்டன்’. மூலையில் வட்டமாக, நிறுவனச் சின்னம் போலவே இருந்தது. அதை அழுத்தலாம் என்று பலருக்குத் தோன்றவே இல்லை. திறப்பது, சேமிப்பது, அச்சிடுவது எல்லாம் அதற்குள்தான்! 2010 பதிப்பில் பழைய ‘ஃபைல்’ என்ற பெயரே அந்த இடத்துக்குத் திரும்பியது. இப்படிப்பட்ட சறுக்கல் பயன்பாட்டுச் சோதனையில் எளிதில் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் “அச்சிடுங்கள்” என்று ஒருவரை உட்காரவைத்தால், வழி இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பார். அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. பக்கத்து மேசைக்காரரைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். இவ்வகைச் சோதனைகளின் பெரிய பலவீனம் இது.

ரிப்பனின் இன்னொரு சறுக்கல், பழகிய கைகளை அலட்சியப்படுத்தியது. பத்தாண்டுகளாக மெனுவின் வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தவர்களுக்குப் பழைய மெனுவுக்குத் திரும்ப ஒரு வழிகூடத் தரவில்லை. அதைத் திருப்பித் தரும் துணை மென்பொருள்களை வேறு நிறுவனங்கள் காசுக்கு விற்றன. பழைய ‘ஆல்ட்’ விசைச் சேர்க்கைகளில் பலவற்றை இயங்கவிட்டது நல்ல யோசனை. ஆனால் விசைகளை நம்பியிருந்தவர்களுக்கு மட்டுமே அது ஆறுதல். கண்ணால் தேடிப் பழகியவர்களுக்கு அதனால் பயனில்லை.

ஆஃபீஸ் 2016-இல் ரிப்பனின் டேப் வரிசையிலேயே, என்ன செய்ய வேண்டும் என்று தட்டச்சு செய்து கேட்கும் பெட்டி வந்தது. தேடுவது இன்னும் தீரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் ஆய்வாளருக்கு அது வேறொரு வகையில் உதவும். கிளிக் கணக்கில், கிடைத்ததை அழுத்தியவர் மட்டுமே பதிவாகிறார். தேடிக் கிடைக்காமல் கைவிட்டவர் எங்கும் இல்லை. பெட்டியிலோ அவர் தன் சொற்களிலேயே தேவையை எழுதுகிறார். விடை வராத அந்தத் தேடல்களைத்தான், பேஸ்ட் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பதற்கு முன்னால் படிக்க வேண்டும்.