வீட்டில் வாழ எதற்கு விதிவிலக்கு?

அமெரிக்க மருத்துவ பில்களைச் சரிபார்க்கும் மென்பொருளைச் சென்னையில் உட்கார்ந்து எழுதுபவர்கள் நிறைய பேர். நானும் சில வருஷம் எழுதினேன். அதில் ஒரு அட்டவணையில் ‘வெய்வர்’ என்ற குறியீடு அடிக்கடி வரும். விதியிலிருந்து விலக்கு என்று அர்த்தம். எந்த விதி, யாருக்கு விலக்கு என்றெல்லாம் அப்போது கேட்டதில்லை. டெஸ்ட் பாஸ் ஆனால் போதும். பிறகு ஒருநாள் சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த வரிசைகளில் இருந்தவர்கள், ஒரு நிறுவனத்துக்குள் போய் அடையாமல் மற்றவர்களைப் போல ஊருக்குள் வாழ்வதற்காக விலக்கு வாங்கியவர்கள்.

கதை 1965-இல் தொடங்குகிறது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டம் அந்த வருஷம் வந்தது. மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவு செய்யும் திட்டம். 21 வயதைத் தாண்டிய, தகுதியுள்ள ஒருவருக்கு நர்சிங் ஹோமில் இடம் தருவது மாநிலங்களின் கட்டாயக் கடமை. (இது நம்மூர் நர்சிங் ஹோம் இல்லை, வருஷக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம்.) அதே நபர் தன் வீட்டிலேயே இருந்தால்? நர்ஸ் வந்து போவதற்கு ஒரு வழி உண்டு. ஆனால் குளிக்க, உடுத்த, சாப்பிட, கழிப்பறை போக தினமும் ஒருவர் உதவ வேண்டும் இல்லையா? அது பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பம்தான். தரலாம், தராமலும் இருக்கலாம். புரோகிராமர் பாஷையில் சொன்னால் டிஃபால்ட் மதிப்பு ‘நிறுவனம்’.

இதை மாற்றியவர் என்று எல்லோரும் சொல்வது கேட்டி பெக்கெட்டை. அயோவா மாநிலத்துக் குழந்தை. பிறந்த சில மாதங்களில் மூளையழற்சி வந்து வென்டிலேட்டர் தேவைப்பட்டது. மூன்று வயதில் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்தும் போக முடியவில்லை. மருத்துவமனையில் இருந்தால் மெடிகெய்ட் பணம் தரும். வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு, தகுதியில்லை என்று நிறுத்திவிடும். 1981 நவம்பரில் அதிபர் ரீகன் செய்தியாளர் கூட்டத்தில் இதைச் சொன்னார். வீட்டில் வைத்துப் பார்த்தால் மருத்துவமனைச் செலவில் ஆறில் ஒரு பங்குதான் என்று கணக்கும் காட்டினார். அவளுக்கென்று விதி தளர்த்தப்பட்டது. வீட்டுக்குப் போனாள். வளர்ந்து மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பேசினாள். 2012-இல் 34 வயதில் இறந்தாள்.

நல்ல கதைதான். ஆனால் அதைச் சொல்லும் விதத்தில் எனக்கு இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, வெய்வர்களுக்கு வழிவிட்ட சட்டப்பிரிவு ரீகன் பேசுவதற்கு முன்பே, 1981 ஆகஸ்டில், ஒரு பட்ஜெட் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதன் நிபந்தனை இதுதான்: வெய்வரில் இருப்பவர்களுக்கு ஆகும் சராசரிச் செலவு, அவர்கள் நிறுவனத்தில் இருந்தால் ஆகும் செலவைத் தாண்டக்கூடாது. எத்தனை பேருக்கு இடம் என்று மாநிலமே உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். கேட்டியைப் போன்ற குழந்தைகளுக்கான பொது வழி 1982-இல் வந்தது. அதுவும் மாநிலங்களின் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆக, 1965-இன் விதி அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் ஒரு விலக்கு முளைத்தது. எங்க ஆபீஸ் பாஷையில் இது பேட்ச். மூல நிரலை யாரும் தொடவில்லை.

இரண்டாவது சிக்கல்தான் பெரிது: அந்த ‘ஆறில் ஒரு பங்கு’. வீட்டுப் பராமரிப்பு மலிவு என்ற வாதத்தை உரிமைக்காகப் போராடுபவர்களே இன்றுவரை சொல்கிறார்கள். அது ஏன் மலிவு என்று பாருங்கள். நர்சிங் ஹோமில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மெடிகெய்ட் பணம் தரும்; வெய்வரில் வாடகையும் மளிகையும் அவரவர் பாடு. இரவில் கண்விழித்துப் பார்க்கும் அம்மாவின் உழைப்புக்குப் பெரும்பாலும் கணக்கே கிடையாது. சம்பளத்துக்கு வரும் உதவியாளர்களில் பலருக்குக் கூட 1974-இல் வந்த ஒரு விலக்கால் மத்தியச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் கிடையாது. 2013-இல் விதியைத் திருத்தி, 2015-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. செலவு குறையவில்லை, வேறு ஆட்களின் தலையில் ஏறியது, அவ்வளவே.

‘மலிவு’ என்று வாங்கிய உரிமை, மலிவாக இருக்கும்வரைதான் நிற்கும். தலைக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்திருக்கும் மாநிலத்தில், 24 மணி நேரமும் துணை தேவைப்படுபவருக்கு அந்த வரம்பே வாசலை அடைக்கிறது.

நீதிமன்றம் சரிசெய்யவில்லையா என்று கேட்கலாம். 1999-இல் ஓம்ஸ்டெட் வழக்கு வந்தது. லோயிஸ் கர்டிஸ், எலைன் வில்சன் என்ற இரண்டு பெண்கள். ஊருக்குள் வாழலாம் என்று சிகிச்சை அளித்தவர்களே சொன்ன பிறகும், ஜார்ஜியாவின் அரசு மனநல மருத்துவமனையிலேயே வைக்கப்பட்டவர்கள். காரணமில்லாமல் இப்படித் தனிமைப்படுத்துவது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மகத்தான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதே தீர்ப்பு, முறையான திட்டமும் நியாயமான வேகத்தில் நகரும் காத்திருப்புப் பட்டியலும் இருந்தால் மாநிலம் தற்காத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. உரிமையோடு வரிசைக்கும் அங்கீகாரம் கிடைத்தது.

அந்த வரிசையில் 2024-இல் சுமார் 7 லட்சம் பேர் இருந்தார்கள். சில மாநிலங்கள் தகுதி பார்க்காமலே பெயர் எழுதிக்கொள்வதால் எண்ணிக்கை பெருத்திருக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் நர்சிங் ஹோமுக்கு இப்படி ஒரு அரசாங்கப் பட்டியலே வைக்க முடியாது, அது சட்டப்படி கட்டாயம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2013-இல் மெடிகெய்டின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவில் முதல்முறையாகப் பாதிக்கு மேல் வீட்டுக்கும் சமூகச் சேவைகளுக்கும் போனது. 48 வருஷம் ஆனது என்றாலும் பெரிய மாற்றம். ஆனால் அதன் அடித்தளம் இன்னமும் ‘விருப்பம்’. 2021-இல் இதற்கென 40 ஆயிரம் கோடி டாலர் முன்மொழியப்பட்டது. பேரத்தில் 15 ஆயிரம் கோடியாகச் சுருங்கி, கடைசியில் அதுவும் நிறைவேறவில்லை. 2025 ஜூலையில் வந்த சட்டமோ, பத்து ஆண்டுகளில் மெடிகெய்டுக்கான மத்தியச் செலவை சுமார் 90 ஆயிரம் கோடி டாலர் குறைக்கும் என்பது மதிப்பீடு. வீட்டுப் பராமரிப்பை வெட்டு என்று அதில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கையில் காசு குறைந்த மாநிலம் கட்டாயமானதில் கை வைக்க முடியாது, விருப்பமானதில்தான் வைக்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. வீட்டுப் பராமரிப்பைக் கட்டாயமாக்கினால், இதுவரை கேட்காதவர்களெல்லாம் கேட்க வருவார்கள், செலவு ஏறும். ஆமாம், ஏறும். வரப்போகிறவர்கள் யார்? இத்தனை நாள் மகளோ மனைவியோ வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்தச் செலவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, அரசாங்கக் கணக்கில் இல்லை என்பதுதான் வித்தியாசம். எனவே ‘மலிவு’ என்பதைக் கைவிட்டு, செலவாகும், ஆனாலும் செய்ய வேண்டும் என்று நேராகக் கேட்பதுதான் நேர்மை. கட்டாயமாக்கும் மசோதாக்கள் வந்திருக்கின்றன. எதுவும் இன்னும் சட்டமாகவில்லை.

பழைய வேலையை நினைத்தால் ஒன்று உறுத்துகிறது. அந்த அட்டவணையில் நர்சிங் ஹோமில் இருந்தவர்களுக்கு வெய்வர் குறியீடே கிடையாது. அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் இயல்பு என்று அர்த்தம் என்றுதான் நானும் நிரல் எழுதியிருந்தேன்.