குதிரையின் வரலாறும் குதிரைக்காரனின் வரலாறும்

பந்தயக் குதிரையைப் பற்றி எழுதுவது முற்போக்கு ஏடுகளுக்கு ஒவ்வாத காரியம் என்று கருதுவோர் நம்மிடையே உளர். சீமான்களின் பொழுதுபோக்கு, சூதாட்டத்தின் வாகனம், உழைப்பவனின் மடியைத் துழாவும் கை என்ற மூன்று வாக்கியங்களில் அவர்கள் அதனைத் தீர்த்துவிடுகின்றனர். அம்மூன்றும் உண்மையே. ஆயினும் அவற்றைச் சொல்லி முடித்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது: சீமானின் குதிரை வென்றபோது, சீமானை வெறுத்த ஏழை ஏன் மகிழ்ந்தான்? இக்கேள்விக்கு விடை தேடாத விமர்சனம் மக்களின் உணர்ச்சிகளைப் புரிந்துகொண்டதாகாது.

இக்கேள்வி நமது கரையோரத்துக்கு அந்நியமானதன்று. கொழும்பில், கறுவாத்தோட்டத்தில், 1893இல் திறக்கப்பட்ட பந்தயத் திடலில் 1950களில் ஓட்டம் நின்றுபோயிற்று. திடலின் பெரும்பகுதி இன்று றக்பி மைதானமாகவும் கடைத்தொகுதியாகவும் உருமாறியுள்ளது. ஆனால் பந்தயம் கட்டுவது நிற்கவில்லை. நாட்டின் சிறுபட்டினங்கள்தோறும் உள்ள 'புக்கி'களில் இங்கிலாந்தின் திடல்களில் ஓடும் குதிரைகள்மீது இங்குள்ளவன் பணம் கட்டுகின்றான். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலுக்கு வரி விதித்ததன் வாயிலாக அரசும் அதில் ஒரு பங்காளியாயிற்று. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தெருவில் அலைபவை கழுதைகள். வலையிழுப்பவனும் தேங்காய் உரிப்பவனும் உப்பளத்தில் வேலை செய்பவனும் தம் வாழ்நாளில் நேரிற் கண்டிராத ஒரு விலங்கின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கின்றனர். அந்த விலங்கின் வாழ்க்கை எத்தகையது, அதன் வெற்றி எவருடைய உழைப்பால் ஆனது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை இலக்கியத்துக்கும் உண்டு.

முன்னொரு காலத்தில் இக்கரை குதிரைகளை அறிந்திருந்தது. புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காடு கடலைச் சந்திக்கும் இடத்தில், செம்மண் முனையாகக் குதிரைமலை நிற்கின்றது. அல்லி அரசி அங்கிருந்து ஆண்டாள் என்பது மக்கள் வழக்கு. கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய பெரிய குதிரை உருவமொன்றின் எச்சங்கள் அங்கே காட்டப்படுகின்றன. உரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிடும் 'ஹிப்பூறொஸ்' என்ற துறை இதுவே என்று கருதிய அறிஞரும் உளர். புறநானூற்றில் வரும் பிட்டங்கொற்றனின் குதிரைமலையும் இதுவே என்று முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியான தமது பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் வாதிட்டார். அது கொங்கு நாட்டு மலை என்பதே பெரும்பாலான உரைகாரரின் துணிபு. எமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகின்றது. மலை எவருடையது என்ற வழக்கில் இவ்வளவு மை செலவழித்த நாம், அம்மலைக்குப் பெயர் தந்த விலங்கைக் கடல்வழி கொண்டுவந்து இறக்கியவர் யார் என்பதற்கு எத்துணை மை செலவழித்தோம்?

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளைச் சொல்கின்றது. கி. பி. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற கிரேக்கத் துறவி, ஈழத்தரசன் பாரசீகக் குதிரைகளை விலைக்கு வாங்கியதையும் அவற்றைக் கொணர்ந்த வணிகருக்குச் சுங்கம் தள்ளியதையும் குறித்து வைத்தார். அதற்கும் வெகு முன்னர், கி. மு. 237 முதல் 22 ஆண்டுகள் அநுராதபுரத்தை ஆண்ட சேனனும் குத்திகனும் குதிரை கொணர்ந்த கடல் வணிகன் ஒருவனின் புதல்வர் என மகாவம்சம் கூறுகின்றது. தமிழரெனச் சுட்டியபோதிலும் அவர்கள் நீதியாக ஆண்டனர் என்றும் அந்நூல் ஒப்புக்கொள்கின்றது. இனப் பெருமை பேசும் இரு தரப்பாரும் இவ்விருவரையும் தத்தம் வசதிக்கேற்பப் பயன்படுத்தியுள்ளனர். தந்தையின் தொழிலை எண்ணிப் பார்த்தவர் குறைவு.

அத்தொழிலின் உள்ளுறையை நமக்குக் காட்டுபவர் மார்க்கோ போலோ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னார்க் குடாவுக்கு அப்பால், பாண்டி நாட்டில் நிகழ்ந்ததை அவர் எழுதியுள்ளார். அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவர். ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை. குதிரையைப் பேணத் தெரிந்தவர் அந்நாட்டில் இல்லை. சோற்றையும் இறைச்சியையும் சமைத்து ஊட்டினார்கள். இதனினும் முக்கியமான செய்தி அடுத்து வருகின்றது. குதிரை மருத்துவம் அறிந்த எவனும் அந்நாட்டுக்குச் செல்லாதபடி வணிகர்களே தடுத்தனராம். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! பொருளைவிடப் பொருளைப் பேணும் அறிவை மறைப்பதில் இலாபம் மிகுதி என்பதை அவ்வணிகர்கள் எந்தப் பொருளியல் நூலையும் படியாமலே உணர்ந்திருந்தனர். நம் வரலாற்றாசிரியர்கள் இப்பகுதியைப் பாண்டியரின் செல்வச் சிறப்புக்குச் சான்றாக மேற்கோள் காட்டுவது வேடிக்கை.

இதே அரபுக் குருதிதான் பின்னர் இங்கிலாந்து சென்று 'தொரோபிரெட்' என்னும் பந்தய மரபாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழைத்தேயத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மூன்று பொலிகுதிரைகளே உலகெங்கும் உள்ள இவ்வினக் குதிரைகளின் ஆண்வழி முன்னோர். 1791இல் அவற்றின் வம்சாவளி அச்சேறிற்று. அரசகுலங்களின் வம்சாவளிகள் மதிப்பிழக்கத் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின் நாட்களிலேயே குதிரைகளின் வம்சாவளி புத்தகமானது, தற்செயலேயாயினும், ஒரு நயமான பொருத்தம்.

இனி, இம்மரபில் மக்களின் பேரன்பைப் பெற்ற ஒரு குதிரையின் வாழ்க்கையைப் பார்ப்போம். அதன் பெயர் பார் லாப். 1926 அக்டோபர் 4ஆம் நாள் நியூசிலாந்தில், திமாரு நகருக்கு அருகே பிறந்தது. மின்னலைக் குறிக்கும் தாய்லாந்துச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. பழைய குறிப்புகள் சில அதனைச் 'சிங்களச் சொல்' என்று கூறிவிட்டன. மின்னலுக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று சிலாபத்துப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆசியாவின் மொழிகளெல்லாம் ஒன்றே என்ற மயக்கம் பந்தயத் திடல்வரை பரவியிருந்தது.

1928இல் ஏலத்தில் அதன் விலை 160 கினி. வாங்கச் சொன்னவர் சிட்னியில் வறுமையோடு போராடிய பயிற்சியாளர் ஹரி ரெல்போர்ட். பணம் போட்டவர் அமெரிக்க வணிகர் டேவிட் டேவிஸ். வந்திறங்கிய குட்டி ஒடிசலாக, முகத்தில் பருக்களோடு நின்றது. அதைக் கண்ட டேவிஸ் பயிற்சிச் செலவைத் தர மறுத்தார். முடிவில் ரெல்போர்ட் அதனை மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுத்தார். செலவு முழுவதும் அவருடையது. வருவாயில் மூன்றிலொரு பங்கு உடைமையாளருக்கு. நமது வாசகருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. நாம் வாரக்குடி என்கின்ற முறை அங்கே லாயத்துக்குள் நடந்தது.

தொடக்கத்தில் நான்கு முறை ஓடி எதிலும் இடம்பெறாத அக்குதிரை 1929 ஏப்ரல் 27இல் முதல் வெற்றியைப் பெற்றது. அவ்வாண்டே இரண்டு பெரும் 'டேர்பி' பந்தயங்களை வென்றது. அவ்வாண்டு மெல்பேண் கிண்ணத்தில் அதற்கு விதிக்கப்பட்ட எடை குறைவு. அவ்வெடைக்குத் தம் உடலை இறக்க இயலாத ஜிம் பைக் என்ற சவாரிக்காரர் ஒதுங்க, வேறொருவர் ஏறி மூன்றாவதாக வந்தார். ஓடுவதற்காகக் குதிரைக்குத் தீனி பெருகுகின்றது. ஏறுவதற்காக மனிதன் பட்டினி கிடக்கின்றான். பந்தயத் தொழிலின் இந்த விபரீதத்தைக் குதிரைகளின் வீரகதைகள் ஓர் அடிக்குறிப்பாகக்கூடச் சொல்வதில்லை.

1930 நவம்பர் 1ஆம் நாள் காலை அதனைச் சுட்டுக் கொல்ல முயன்றனர். அது தோற்றால் மட்டுமே தப்பக்கூடிய சூதாட்ட முதலாளிகளின் வேலை அது என்று பலரும் நம்பினர். அன்று பிற்பகலே அது ஒரு பந்தயத்தை வென்றது; மூன்று நாட்களின் பின் பைக் சவாரி செய்ய, மெல்பேண் கிண்ணத்தையும் வென்றது.

அவ்வாண்டுகளின் அவுஸ்திரேலியாவை நினைத்துப் பார்த்தல் வேண்டும். உலகப் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டியது. 1932 அளவில் தொழிலாளரில் பத்துக்கு ஏறத்தாழ மூவர் வேலையற்றிருந்தனர். அரைவயிற்று மனிதர் திடலின் வேலியோரம் நின்று இக்குதிரைக்காக ஆரவாரித்தனர். மலிவு விலைக்கு வந்தது, அழகற்றது, உடைமையாளனே கைவிட்டது, பின்னர் எல்லாவற்றையும் வென்றது என்ற கதையில் அவர்கள் தங்களையே கண்டனர். இதனை வெறும் மயக்கம் என்று ஒதுக்குவோரோடு யாம் உடன்படவில்லை. பசித்தவனின் கனவு அவனுடைய பசியைப் பற்றிய சாட்சியமும் ஆகும். ஆனால் அக்கனவு அவனைத் தொழிற்சங்கத்துக்கு அன்றிப் பந்தயச் சீட்டிடம் அனுப்பிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டுபவனே யதார்த்தவாதி.

வெற்றிக்குத் தண்டனையும் வந்தது. வலிய குதிரைக்கு மிகுந்த எடை விதித்து எல்லோரையும் சமப்படுத்துவது இப்பந்தயத்தின் விதி. 1931 கிண்ணத்தில் பார் லாப்பின் முதுகில் ஏற்றப்பட்ட எடை ஏறக்குறைய 68 கிலோ. அது எட்டாவதாக வந்தது. சமத்துவத்தை விளையாட்டில் இவ்வளவு நுட்பமாகக் கணக்கிடத் தெரிந்த கனவான்கள் அக்கணக்கைத் தங்கள் சொத்துக்களுக்குப் பிரயோகித்ததாகத் தெரியவில்லை.

பின்னர் டேவிஸ் அதனை அமெரிக்கப் பக்கம் கொண்டுசென்றார். 1932 மார்ச் 20இல் மெக்சிக்கோவின் அகுவா கலியென்ரே திடலில், பிளவுபட்ட குளம்போடு ஓடி, திடலின் சாதனை நேரத்தில் வென்றது. பதினாறு நாட்களின் பின், ஏப்ரல் 5ஆம் நாள், கலிபோர்னியாவில் துடிதுடித்து இறந்தது. 51 ஓட்டங்கள், 37 வெற்றிகள்.

'அமெரிக்கர் நஞ்சிட்டுக் கொன்றனர்' என்று அவுஸ்திரேலியர் நம்பினர். இந்நம்பிக்கை வளர்ந்த விதம் ஆராய்தற்குரியது. தோற்ற நாட்டுக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். கப்பலேறிச் சென்ற குதிரை தியாகியாயிற்று. 2006இலும் அதற்குப் பின்னரும் அதன் பிடரி மயிரை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இறப்பதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன் பெருமளவு ஆசனிக் நஞ்சு உட்சென்றிருந்ததாகக் கண்டனர். ரெல்போர்ட்டின் குறிப்பேடும் 2008இல் மெல்பேண் அரும்பொருளகத்துக்கு வந்து சேர்ந்தது. அக்காலப் பயிற்சியாளர் வழக்கப்படி, வலுவூட்டும் மருந்துகளில் ஆசனிக்கும் எட்டி நஞ்சும் சேர்க்கும் முறைகள் அதில் இருந்தன. கொலையா, மருந்தின் மிகையா என்பது இன்றும் தீர்ந்தபாடில்லை. எமது ஐயம் மருந்தின்பாற்பட்டது. பகைவன் இட்ட நஞ்சைத் தேடுகிறவர்கள், வெற்றிக்காக அன்றாடம் ஊட்டப்பட்ட நஞ்சைக் காண விரும்புவதில்லை.

இறந்த உடலைப் பங்கிட்டனர். தோல் மெல்பேணுக்கு; எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்ரனுக்கு; ஆறு கிலோவுக்கு மேற்பட்ட இதயம் கன்பராவுக்கு. சாதாரணக் குதிரையினதைவிட மிகப் பெரிய அவ்விதயமே வெற்றியின் காரணம் என்று பார்வையாளருக்குச் சொல்லப்படுகின்றது. இதயத்தைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். விடிகாலையில் லாயம் கூட்டியவனின் முதுகுவலியை வைக்க இயலாது.

அவன் பெயர் ரொம்மி வூட்கொக். குதிரையின் பராமரிப்பாளன். அமெரிக்கப் பயணத்தில் ரெல்போர்ட் வரவில்லை. பயிற்சிப் பொறுப்பும் வூட்கொக்கின் தலையில் விழுந்தது. குதிரை அவன் கண்முன்னே இறந்தது. 1983இல் சைமன் வின்சர் இயக்கிய திரைப்படம் அவனை மையப் பாத்திரமாக்கியது பாராட்டுக்குரியது. கோடீசுவரனுக்கும் பயிற்சியாளனுக்கும் இடையில் வேலைக்காரனின் கண்வழியே கதை நகர்கின்றது. ஆயின் படம் அவனது உழைப்பை அன்பாக மட்டுமே மொழிபெயர்க்கின்றது. குதிரையோடு அவன் பேசுகின்றான், கொஞ்சுகின்றான். அவனுக்குக் கூலி எவ்வளவு என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை. வேலையற்றோரின் கூட்டம் பின்னணித் திரைச்சீலையாக வந்துபோகின்றது. பாசம் என்ற சொல்லால் கூலியை மூடுவது முதலாளித்துவக் கலையின் பழைய வித்தை. வீட்டு வேலைக்காரியை 'எங்கள் பிள்ளை மாதிரி' என்னும் நம்மூர்ப் பெருமனை வழக்கும் அதுவே.

இக்கதை 1932உடன் முடிந்துவிடவில்லை. 2010 முதல் 2012 வரை 14 ஓட்டங்களில் 14இலும் வென்ற இங்கிலாந்துக் குதிரை பிராங்கெல் சவூதி இளவரசர் ஒருவருக்குச் சொந்தமானது. அதன் பராமரிப்பாளர் இந்தியாவிலிருந்து சென்ற ஓர் இளைஞர். குதிரை மேற்கே சென்றது. பின்னால் குதிரைக்காரனும் சென்றான். இன்று அங்குள்ள லாயங்களில் தென்னாசியர் பலர் உழைக்கின்றனர். அவர்கள் தேய்த்துவிட்ட குதிரைமீதே இங்குள்ளவன் பணம் கட்டுகின்றான். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதிலேதான் இத்தொழில் நிலைபெறுகின்றது.

வூட்கொக் பின்னர் தாமே பயிற்சியாளரானார். 1977இல், எழுபதைக் கடந்த வயதில், 'றெக்லஸ்' என்ற தமது குதிரையை மெல்பேண் கிண்ணத்துக்குக் கொண்டுவந்தார். லாயத்து வைக்கோலில் கிழவரும் குதிரையும் அருகருகே படுத்திருக்கும் புகைப்படமொன்று அக்காலத்தில் எடுக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் அது இன்றும் பிரசித்தம். கிண்ணம் வேறொருவருக்குப் போயிற்று. றெக்லஸ் இரண்டாவதாக வந்தது.