13 பேர் அணியில் யாருக்கு இடம்?

ஓர் ஆட்டத்தை அலச உட்கார்ந்தால் நான் முதலில் எடுப்பது ஸ்கோர் அட்டையை அல்ல, அணிப் பட்டியலை. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதிலேயே பாதி ஆட்டம் தெரிந்துவிடும். 'பட்டான்' படத்தை மறுபடி பார்த்தபோதும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

டே கார்னெட் இயக்கி, 1943 ஜூனில் எம்.ஜி.எம். வெளியிட்ட படம். அதற்கு ஓராண்டு முன்புதான் அமெரிக்க அரசு போர்த் தகவல் அலுவலகத்தைத் தொடங்கி, ஹாலிவுட்டுக்கு ஒரு கையேடும் கொடுத்திருந்தது. போரில் ஜெயிக்க இந்தப் படம் உதவுமா என்பதுதான் அதில் முதல் கேள்வி. பட்டானிலோ அமெரிக்கா தோற்றிருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள அந்தத் தீபகற்பம் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. தியேட்டருக்குள் நுழைந்த அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். தெரிந்த தோல்வியை வைத்து மக்களுக்குத் தெம்பு ஊட்ட வேண்டும். எந்த அணிக்கும் இது கடினமான பிட்ச்.

பின்வாங்கும் படைக்கு அவகாசம் வேண்டும். அதற்காக 13 பேர் ஒரு பாலத்தைத் தகர்த்துவிட்டு, எதிரி அதை மறுபடி கட்டாதபடி மறித்து நிற்கிறார்கள். கேப்டன் ஆரம்பத்திலேயே மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்குப் பலியாக, பொறுப்பு சார்ஜென்ட் பில் டேன் தலையில் விழுகிறது. டேனாக வருபவர் ராபர்ட் டெய்லர். கிரெட்டா கார்போவுடன் காதல் நாயகனாக நடித்த அதே அழகர். இங்கே தாடி மழிக்காத முகம், வியர்வை, சலித்துப்போன குரல். தன் ஆட்கள் ஒவ்வொருவராக விழும்போது அவர் அழுவதில்லை. அடுத்த வேலையைச் சொல்கிறார். அந்த அடக்கம்தான் டெய்லரின் மிகச் சிறந்த ஆட்டம் என்பேன்.

கடைசிக் காட்சியில் அந்த அடக்கம் உடைகிறது. சிலுவை நட்ட குழிகள் வரிசையாக இருக்க, டேன் தனக்கும் ஒரு குழி வெட்டி அதற்குள் இயந்திரத் துப்பாக்கியோடு இறங்கி நிற்கிறார். ஸ்டுடியோவுக்குள் உண்டாக்கிய மூடுபனி தரையோடு தவழ்கிறது; அதற்கடியில் எதிரிகள் ஊர்ந்து வருகிறார்கள். டேன் கத்திக்கொண்டே நேராக கேமராவைப் பார்த்துச் சுடுகிறார். படம் அங்கேயே முடிகிறது. அவர் சாவதைக் காட்டவில்லை. ஸ்கோர் அட்டையில் அவர் இன்னும் நாட் அவுட்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். ஃபைன்கோல்ட் என்ற யூதர், மட்டோவ்ஸ்கி என்ற போலிஷ் பெயர்க்காரர், மலேரியாவில் உடல் உதறச் சாகும் ரமிரெஸ் (கியூபாவில் பிறந்த டெஸி அர்னாஸ்), வெடிவைக்கும் பொறுப்பில் வெஸ்லி எப்ஸ் என்ற கறுப்பினச் சிப்பாய். கென்னத் ஸ்பென்சர் நடித்த இந்த எப்ஸை யாரும் வேலைக்காரனாக நடத்துவதில்லை. உண்மையில் அன்றைய அமெரிக்க ராணுவம் கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைத்திருந்தது. அதை முடிக்க அதிபர் ட்ரூமன் ஆணையிட்டது 1948-ல்தான். களத்தில் சேர்க்காதவரை ஐந்து ஆண்டுகள் முன்பே திரையில் சேர்த்துவிட்டார்கள். பிரசாரம்தான். ஆனாலும் நாடு எப்படி ஆட வேண்டும் என்று நாட்டுக்கே காட்டிய இந்தத் தேர்வை நான் மனதார மதிக்கிறேன்.

அடுத்த தேர்வை என்னால் மன்னிக்க முடியவில்லை. பட்டானில் சரணடைந்தவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் அமெரிக்கர் ஏறக்குறைய 12,000. மற்றவர்கள் பிலிப்பைன்ஸ் மண்ணின் மக்கள். அந்தக் கணக்குப்படி 13 பேரில் 11 பேர் பிலிப்பைன்ஸ்காரர்களாக இருக்க வேண்டும். படத்தில் இருப்பது இரண்டே பேர். அந்த இருவரும் இறுதிக்கட்டம் வருமுன்பே செத்துப்போகிறார்கள். சொந்த ஊர்க் களத்தில் ஆட்டத்தைத் தாங்கியவர்களை அப்படியே ஓரம் கட்டிவிட்டார்கள்.

எதிரணிக்கோ முகமே இல்லை. வசைச் சொல்லும், புதருக்குள் அசையும் தலைகளும்தான் ஜப்பானியர். நல்ல அணியிடம் தோற்றோம் என்று ஒப்புக்கொள்ள அன்று யாருக்கும் மனமில்லை.

படத்தில் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. திரையில் ஏறக்குறைய எல்லாரும் சண்டையிட்டே சாகிறார்கள். நிஜத்தில், பட்டினியாலும் மலேரியாவாலும் துவண்டவர்கள் சரணடைந்து, சுமார் 100 கி.மீ. வெயிலில் நடத்திச் செல்லப்பட்டார்கள். தண்ணீருக்காக வரிசையை விட்டு விலகியவர்கள் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். அந்த மரண அணிவகுப்பைப் பற்றிய விவரங்களை அமெரிக்க அரசு வெளியிட்டது 1944 ஜனவரியில். 1943 ஜூனில் டிக்கெட் வாங்கி டேனுக்குக் கைதட்டியவர்களில், பட்டானுக்கு அனுப்பிய பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத தாய்மார்களும் இருந்திருப்பார்கள்.