ஓரத்துச் சாயம்

கதையும் நாவலும் எழுதிப் பிழைக்கிறவன் கண்ணாடி வில்லைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாமா என்று வாசகர்கள் கேட்கலாம். நானாக இதில் தலையிடவில்லை. ஒரு தகப்பனாருக்கும் மகளுக்கும் இடையே வழக்கு மூண்டது. தீர்ப்புச் சொல்லும்படி இருவரும் என்னைக் கேட்டார்கள்.

தகப்பனார் என் நெடுநாளைய நண்பர். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். கால் முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். தடித்த புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கக் கை ஒத்துழைக்கவில்லை. மகள் தன் சம்பளத்திலிருந்து ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாள். அதைத் தலையில் மாட்டிக் கொண்டால் மலையும் கடலும் கண்ணெதிரே விரியும். புத்தகத்தின் பக்கம் சுவரளவுக்கு நிமிர்ந்து நிற்கும். வி.ஆர். ஹெட்செட் என்று சொல்கிறார்கள். மலையையும் கடலையும் வாத்தியார் ரசித்தார். புத்தகத்தை மட்டும் பத்து நிமிஷத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

"நடுவிலே நன்றாகத்தான் இருக்கிறது. வரியின் கோடிக்குப் போனால் எழுத்துக்குச் சாயம் போகிறது, ஐயா!" என்றார்.

"அப்பா கண்ணை ஓட்டுகிறார், மாமா. தலையைத் திருப்பிப் பார்த்தால் சரியாக இருக்கும்" என்றாள் மகள்.

நானும் மாட்டிப் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. நேரே பார்த்தபோது முத்து முத்தாக இருந்தது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் வரியின் முடிவுக்கு ஓட்டினேன். எழுத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும், முதல் தண்ணீரில் நனைத்த புதுச் சேலையைப் போலக் கசிந்து நின்றன.

இந்தச் சாயம் எங்கிருந்து வந்தது? கருவிக்குள் கண்ணுக்குச் சில அங்குல தூரத்தில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. அவ்வளவு அருகில் இருப்பதை வெறும் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆகவே இடையில் ஒரு வில்லையை வைத்து, திரை எட்ட நின்று பெரிதாகத் தெரிவது போலச் செய்கிறார்கள். பூதக் கண்ணாடியின் வேலைதான். ஆனால் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு பட்சபாதம் உண்டு. நீல ஒளியை அதிகமாக வளைக்கும். சிவப்பைக் குறைவாக வளைக்கும். வெள்ளை என்பது எல்லா நிறங்களும் சேர்ந்த கூட்டுக் குடும்பம். வில்லையின் நடுவில் அந்தக் குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்; ஓரத்துக்குப் போகப் போக நீலம் வெளியே ஒதுங்கும், சிவப்பு உள்ளே தங்கிவிடும். இதற்கு நிறப் பிறழ்ச்சி என்று பெயர்.

இந்தக் குறையின் முன் நியூட்டனே கையை விரித்தவர். எந்தக் கண்ணாடியானாலும் வளைவுக்கு ஏற்ற விகிதத்தில்தான் நிறங்களைப் பிரிக்கும் என்று அவர் எண்ணினார். வில்லைகளால் ஆன தொலைநோக்கிக்கு விமோசனமில்லை என்று முடிவு கட்டினார். 1668-ல் வில்லைக்குப் பதில் குழிந்த ஆடியை வைத்துத் தொலைநோக்கி செய்தார். ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடி நிறங்களுக்குள் பேதம் பாராட்டுவதில்லை.

பெரியவர் சொன்னது தவறு என்று காட்டியவர் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். 1730-களில் அவர் கிரௌன் என்ற கண்ணாடியில் குவி வில்லை ஒன்றும், பிளிண்ட் என்ற கண்ணாடியில் குழி வில்லை ஒன்றும் செய்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். ஒன்று பிரித்த நிறங்களை மற்றொன்று கூட்டி வைத்தது. அவர் அதைப் பெரிதாக வெளியிடவில்லை. 1758-ல் அதற்குக் காப்புரிமை பெற்று உலகறியச் செய்தவர் ஜான் டாலண்டு. அவர் முன்பு பட்டு நெசவு செய்தவர்! சாயம் கசிவதன் வேதனை நெசவுக்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அப்படியானால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த வைத்தியத்தை வாத்தியாரின் கருவியில் ஏன் செய்யவில்லை? இங்கேதான் கணக்கு குறுக்கே நிற்கிறது. கண்ணாடிகளின் நிறக் கட்டுப்பாட்டை அபே எண் என்ற அளவால் குறிப்பார்கள். எண் பெரிதானால் சிதறல் குறைவு. கிரௌன் கண்ணாடிக்கு ஏறக்குறைய 64, பிளிண்டுக்கு 36. இந்த இரண்டையும் சேர்த்து 10 பங்கு திறனுள்ள ஜோடி வேண்டுமென்றால், குவி வில்லைக்குச் சுமார் 23 பங்கும், எதிர்த்து நிற்கும் குழி வில்லைக்கு 13 பங்கும் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இருபத்து மூன்று சம்பாதித்துப் பதின்மூன்றைச் செலவழிக்கும் குடித்தனம். வில்லைகள் தடிக்கும், பாரம் ஏறும். தொலைநோக்கியின் பாரத்தை முக்காலி தாங்கும். இந்தக் கருவியின் பாரத்தைத் தாங்குவது மனிதனுடைய மூக்கும் கழுத்தும்.

ஆகவே புத்திசாலிகள் வேறு வழி தேடினார்கள். 2013-ல் வெளிவந்த ஆக்குலஸ் ரிஃப்ட்டின் முதல் மாதிரியில் ஒரு கண்ணுக்கு ஒற்றை வில்லைதான். வில்லை செய்யப் போகும் தப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, திரையில் அதற்கு எதிர்த்தப்பைச் செய்து வைத்தார்கள். நீலப் படத்தைச் சற்றுச் சுருக்கி, சிவப்பைச் சற்று விரித்துக் காட்டினால், வில்லையைத் தாண்டி வரும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். கோணல் அடுப்புக்குத் தக்கபடி பாத்திரத்தின் அடியைக் கோணலாக வார்ப்பது போன்ற யுக்தி. பாரமில்லை, செலவும் குறைவு. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் விமர்சகனுக்குப் பாராட்டுவது பாதி வேலைதான். கண் நேரே பார்க்கிறது என்று வைத்துக் கொண்டு போட்ட கணக்கு இது. கண் திரும்பினால் கண்மணி இடம் மாறுகிறது, கணக்கு பிசகுகிறது. தவிர, படத்தை நகர்த்தலாமே ஒழிய, நீலத்துக்கும் சிவப்புக்கும் குவியும் தூரம் வேறுபடுவதால் வரும் மங்கலைக் கணக்கினால் போக்க முடியாது. திரை காட்டும் நீலமும் ஒரே நீலமல்ல. பல நீலங்களின் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் நடக்கும் சிதறலையும் தடுக்க முடியாது.

2016-ல் வந்த ரிஃப்ட்டும் வைவும் வேறொரு பழைய யுக்தியைக் கையாண்டன. 1823-ல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்துக்கு பிரெனெல் அமைத்தாரே, அந்தப் படிப்படியான வளைய வில்லை. தடிமன் குறைந்தது. ஆனால் இருட்டில் வெள்ளை எழுத்தைக் காட்டினால், வளைய விளிம்புகளில் ஒளி சிதறிக் கீற்றுக் கீற்றாகப் பரவியது. சாயம் போகும் குறையும் தீரவில்லை.

இப்போது குவெஸ்ட் 3 (2023), ஆப்பிள் விஷன் புரோ (2024) முதலிய கருவிகளில் இருப்பது மடித்த ஒளிப்பாதை. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஓர் ஆடிக்கும், ஒளியின் அதிர்வுத் திசையைப் பார்த்து வழிவிடும் ஒரு மென்படலத்துக்கும் இடையே, வெளிச்சம் ஒரே இடைவெளியை மூன்று முறை கடக்கிறது. அதனால் கருவி மெலிகிறது. வளைக்கும் வேலையில் பெரும் பங்கை ஆடி ஏற்றுக் கொள்வதால் சாயமும் வெகுவாக அடங்குகிறது. நியூட்டன் அன்று தோல்வியை ஒப்புக் கொண்டு பிடித்த ஆடியிடமே இவர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்! ஆனால் இரண்டு முறை பாதி பாதியாகக் கழிவதால், மிகச் சிறப்பாகச் செய்தாலும் நாலில் ஒரு பங்கு வெளிச்சமே கண்ணுக்கு வரும். திரையை அதிகப் பிரகாசமாக எரிக்க வேண்டும். சூடும் மின்சாரச் செலவும் கூடும். வழி தவறிய ஒளி நிழற் பிம்பமாகவும் தோன்றும்.

குறையில்லாத வழி எதுவும் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. நம் கண்ணே நிறத் திருத்தம் செய்யாத வில்லைதான். சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு டயாப்டர் வித்தியாசம் அதில் உண்டு. பிறந்தது முதல் பழகியதால் மனம் அதைப் பொறுத்துக் கொள்கிறது. கருவியின் குறையையும் அப்படிப் பொறுத்துக் கொள்ளச் சொல்லலாமா என்பதே கேள்வி. காட்சி பார்க்கிறவனிடம் சொல்லலாம். படிக்கிறவனிடம் சொல்லக் கூடாது. கண்ணை வரியோடு ஓட்டுவது வாசகனின் கெட்ட பழக்கமல்ல. படிப்பு என்பதே அதுதான். பக்கத்தைக் காட்டுவோம் என்று வாக்குக் கொடுத்த கருவி, ஓரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

தீர்ப்பு வாத்தியார் பக்கமே என்றேன். மகளுக்கு முகம் வாடியது. அவள் அன்பில் ஒரு குறையும் இல்லை. வாங்கும்போது பார்த்த இடம்தான் தவறு. "அடுத்த முறை கடைக்காரர் கடலைக் காட்டினால் வேண்டாம் என்று சொல், அம்மா. ஒரு பக்கம் எழுத்தைக் காட்டச் சொல். தலையை அசைக்காமல் கடைசி வார்த்தையைப் படித்துப் பார்" என்றேன்.

"அதுவரைக்கும்?" என்றாள்.

"அதுவரைக்கும் நீ படி, நான் கேட்கிறேன்" என்றார் வாத்தியார்.